பட்டை என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் முழுவதும் படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

இந்த மாதத்தில் மட்டும் நான் இருக்கும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி வந்தது. பத்தாம் வகுப்பு பேட்ச் குழுவில் ஒன்று, குடும்பக் குழுவில் ஒன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் ஒன்று. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் லவங்கப்பட்டைத் தூளை வெந்நீரில் கலந்து குடித்தால் நாற்பதே நாளில் சர்க்கரை நோய் ஓடிப்போகும் என்பது செய்தி. கீழே கைகூப்பும் படம், பூங்கொத்துப் படம், "அனைவருக்கும் பகிரவும்". பகிர்ந்தவர்களில் என்னிடம் தாவரவியல் படித்தவர்கள் நாலு பேர். அதுதான் எனக்குக் கோபம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மளிகைக் கடையில் லவங்கப்பட்டை என்று வாங்கி வருகிறீர்களே, அதில் பெரும்பாலானது லவங்கப்பட்டையே கிடையாது. அது வேறு ஒரு மரத்தின் பட்டை. அந்த மரத்துக்குத் தனிப் பெயர் இருக்கிறது, நம் நாட்டுச் சட்டத்திலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பெயரைச் சொல்லி இன்னொன்றை நமக்கு விற்கிறார்கள். நாமும் கேள்வி கேட்காமல் வாங்கி, இப்போது மருந்து என்று சொல்லி ஸ்பூன் கணக்கில் விழுங்க ஆரம்பித்திருக்கிறோம்.

முதலில் மரங்களைப் பார்ப்போம். லாரேசியே என்று ஒரு குடும்பம். வகுப்பில் இதை வேகமாகத் தாண்டிப் போயிருப்போம், ஏனென்றால் நம் மாவட்டத்து வெயிலில் இந்தக் குடும்பத்து மரங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுக்குள் இந்தக் குடும்பம் தினமும் வந்து போகிறது. பழக்கடையில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அவகாடோ இந்தக் குடும்பம். பிரியாணியில் போடும் இலை இந்தக் குடும்பம். கற்பூர மரமும் இதே குடும்பம்தான். ஒரு காலத்தில் சீனா, ஜப்பான், தைவான் பக்கத்தில் அந்த மரத்தைச் சீவி ஆவியில் வடித்துக் கற்பூரம் எடுத்தார்கள். இன்று கடையில் விற்கும் சூடத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. பெயர் மட்டும் மரத்தின் பெயர். இந்தக் குடும்பத்துக்கும் பெயர்க் குழப்பத்துக்கும் ஏதோ ராசி போலிருக்கிறது.

அசல் லவங்கப்பட்டை தரும் மரம் சின்னமோமம் வேரம். பழைய புத்தகங்களில் சின்னமோமம் சைலானிக்கம் என்று இருக்கும். சைலான் என்றால் சிலோன். இலங்கையின் ஈரமான தென்மேற்குப் பகுதி அதன் தாய்வீடு. மழைக்காட்டில், பெரிய மரங்களின் நிழலில் வளரும் நடுத்தர மரம். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியிலிருந்து மூன்று நரம்புகள் நுனி வரை ஓடும். தளிர் சிவப்பாக இருக்கும், பிறகு கரும்பச்சையாகும். இலங்கைத் தமிழர்கள் இதைக் கறுவா என்கிறார்கள். நம் பக்கத்திலும் கருவாப்பட்டை என்ற சொல் உண்டு, பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது மரம் சின்னமோமம் காசியா. இது சீனத்து மரம். இதோடு வியட்நாமில் ஒரு உறவுக்கார மரம், இந்தோனேசியாவில் சின்னமோமம் பர்மானி என்று இன்னொன்று. இவற்றின் பட்டைகளை எல்லாம் வியாபாரத்தில் மொத்தமாகக் காசியா என்பார்கள். நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேருவது பெரும்பாலும் இதுதான்.

இடையில் ஒரு சின்னத் திருத்தம். லவங்கம் என்று சிலர் கிராம்பைச் சொல்வதால், லவங்கப்பட்டை என்பது கிராம்பு மரத்தின் பட்டை என்று நினைப்பவர்கள் நிறைய. படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிராம்பு மரம் நாவல், கொய்யா இவற்றின் குடும்பம். அதற்கும் இந்தப் பட்டைக்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

"சார், ரெண்டும் ஒரே இனத்து மரம்தானே, ஒரே வாசனைதானே, இதுல என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலமரம் வன்னி. மணிமுத்தாற்றங்கரை முதல் கண்மாய்க் கரை வரை மண்டிக்கிடப்பது சீமைக்கருவேலம். தாவரவியல்காரர்கள் இந்த இரண்டையும் நெடுங்காலம் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். இலையைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். அதற்காக ஒருவர் சீமைக்கருவேலங்கிளையை ஒடித்து வந்து, "இதுவும் வன்னிதான், பிரகாரத்தில் நடுங்கள்" என்றால் விடுவீர்களா? ஊரே கூடிவிடும். சொந்தம் என்பது வேறு, ஆள்மாறாட்டம் என்பது வேறு.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் ஊர் பீங்கான் ஊர். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் குடும்பங்கள் என் மாணவர்களில் எத்தனை என்று எனக்குத் தெரியும். மண்ணைக் கரைத்து, அச்சில் ஊற்றி, காயவைத்து, பிசிறு தட்டி, சூளையில் வேகவைத்து, வண்ணம் தீட்டி ஒரு பொம்மை வெளியே வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது! இப்போது ஒருவர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த பொம்மைக்கு பெயிண்ட் அடித்து, "விருத்தாசலம் பீங்கான் பொம்மை" என்று ஒட்டி, பாதி விலைக்கு நவராத்திரிச் சந்தையில் பரப்பினால் உங்கள் வயிறு எரியாதா? பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கொலுப்படியில் ஒன்பது நாள் இரண்டும் ஒரே மாதிரி நிற்கும். ஆனால் சூளைக்காரரின் கூலியை அந்தப் பெயர் திருடிவிட்டது. பட்டை விஷயத்திலும் நடப்பது இதேதான். திருடு போனது நம் வீட்டுப் பொருளாக இல்லாததால் நமக்கு உறைக்கவில்லை.

கருவாப்பட்டைக்குப் பின்னால் இருக்கும் வேலையைத் தெரிந்துகொண்டால் விலை வித்தியாசம் புரியும். மரத்தை உயரமாக வளரவிட மாட்டார்கள். தரையை ஒட்டி வெட்டிவிடுவார்கள். அடியிலிருந்து பல கொம்புகள் தழைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அவற்றை வெட்டுவார்கள், அதுவும் மழை பெய்து பட்டை இளகி இருக்கும் பருவத்தில். மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, பித்தளைத் தடியால் அழுத்தித் தேய்த்து, கத்தியால் கீறி, உள்பட்டையைக் கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். காகிதத்தைப் போல மெல்லியதாக வரும். அதை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளக் குழலாக்கி நிழலில் உலர்த்துவார்கள். மிக மெல்லிய குழலுக்கு ஆல்பா என்று தரப்பெயர், விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இதில் கைத்திறன் இல்லாதவன் கத்தி வைத்தால் மிஞ்சுவது சில்லுதான். காசியாவோ தடித்த பட்டை. பெரும்பாலும் மேல்தோல் ஒட்டியபடியே கட்டை போல வந்து இறங்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வுக்கூடம் வேண்டாம், உங்கள் சமையலறை போதும். டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுங்கள். ஒரே அடுக்காக, தடிப்பாக, செம்பழுப்பு நிறத்தில், ஓரம் மட்டும் சுருண்டு, விரலால் ஒடித்தால் ஒடியாமல் அடம்பிடித்தால் அது காசியா. பல மெல்லிய அடுக்குகள் சுருட்டு மாதிரி உள்ளே உள்ளே சுருண்டு, வெளிர் பழுப்பு நிறத்தில், விரலால் நசுக்கினாலே நொறுங்கினால் அது கருவா. வாயில் வைத்தால் காசியா சுள்ளென்று காரமாக ஏறும். கருவா மெல்ல இனிக்கும். ஆனால் தூளாகிவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பட்டைத் தூள் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். எந்தப் பொருளும் தூளாகும்போதுதான் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. மிளகாய்த்தூள் வாங்கும் வீடுகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சட்டம். இது என் சொந்த அபிப்பிராயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிமுறைகளில் மசாலாப் பொருள்களுக்கு ஒவ்வொன்றாக இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். அதில் சின்னமன், அதாவது இந்தியில் தால்சீனி, என்பது சின்னமோமம் சைலானிக்கம் மரத்தின் உலர்ந்த உள்பட்டை என்று இருக்கிறது. காசியா, இந்தியில் தஜ், என்று தனியாக இன்னொரு இலக்கணம். அதில்தான் சீன மரமும் பர்மானியும் வியட்நாம் மரமும் வருகின்றன. இரண்டையும் அரசாங்கமே பிரித்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஓர் உணவுப் பொருளை வேறொரு உணவுப் பொருளுக்கு உரிய பெயரில் விற்பதைக் குற்றமாகச் சொல்கிறது. தவறான பெயரிட்டு விற்பதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 52ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

அதாவது, உள்ளே காசியாவை வைத்துவிட்டு வெளியே சின்னமன் என்று அச்சடித்த பாக்கெட் ஒவ்வொன்றும் சட்டத்துக்குப் புறம்பானது. கண்ணாடி போட்ட சூப்பர் மார்க்கெட்டில் இருந்தாலும், தெருமுனைக் கடையில் இருந்தாலும் ஒன்றுதான். மளிகைக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மூட்டையில் வந்ததைப் பிரித்து விற்கிறார். இறக்குமதி செய்து, பாக்கெட் போட்டு, பெயரை அச்சடிக்கிறவருக்குக் கட்டாயம் தெரியும். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தப் பெயரில் சரக்கு வந்தது என்பதற்குக் காகிதம் அவர் கையில் இருக்கிறது. வாங்கும்போது காசியா, விற்கும்போது சின்னமன். நடுவில் எங்கே அது ஞானஸ்நானம் பெற்றது?

சரி, பெயர் மாறினால் மாறட்டும், உடம்புக்கு என்ன? இங்கேதான் அந்த வாட்ஸ்அப் செய்தி வருகிறது. காசியாவில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் கணிசமாக இருக்கிறது. கருவாவில் மிகமிகக் குறைவு. கூமரின் அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2004ல் ஓர் அளவு சொன்னது: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம். 2006ல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் காசியாத் தூளை அதிகம் சாப்பிட வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. அவர்கள் கணக்குப்படி காசியாத் தூளில் சராசரியாகக் கிராமுக்கு 3 மில்லிகிராம் அளவில் கூமரின்.

கணக்கு நோட்டை எடுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாள் வரம்பு 6 மில்லிகிராம். அதாவது 2 கிராம் காசியாத் தூள். ஒரு தேக்கரண்டி தட்டி எடுத்தாலே இரண்டரை கிராம் வரும். கோபுரமாக எடுத்தால் இன்னும் அதிகம். 15 கிலோ எடையுள்ள பேரக்குழந்தைக்கு வரம்பு அரை கிராம். இருமலுக்கு நல்லது என்று தேனில் குழைத்துத் தினமும் நாக்கில் தடவுகிறீர்களே, அந்தக் குழந்தைக்கு.

பயமுறுத்துவது என் நோக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் இரண்டு துண்டு பட்டை போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. குருமாவுக்கு அரைத்தாலும் ஆகாது. ஒரு நாள் இரண்டு நாள் அளவு கூடினாலும் பரவாயில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில், தினமும் மருந்து என்று நினைத்துத் தூளாக விழுங்குகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த வழக்கம் நம் பாட்டிகளுக்கு இல்லை. அது செல்போனில் வந்தது. பாட்டி பட்டையைக் குழம்பில் போட்டார், சாப்பிடும்போது ஒதுக்கி வைத்தார். "காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே" என்று வாதாடுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

மற்ற நாடுகள் இதை எப்படி எடுத்துக்கொண்டன என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் பேக்கரிப் பண்டங்களில் கூமரினுக்கு வரம்பு வைத்தது. சாதாரண இனிப்பு ரொட்டி வகைகளில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், பண்டிகைக்கும் பாரம்பரியத்துக்கும் உரிய பண்டங்களில் 50. 2013ல் டென்மார்க்கில் இதை நடைமுறைப்படுத்தப் போனபோது, அவர்களுடைய பட்டை ரொட்டியே அழிந்துவிடும் என்று பேக்கரிக்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் அதைப் பாரம்பரியப் பண்டமாக வைத்து 50 வரை அனுமதித்தார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அங்கே ஒரு ரொட்டிக்காக நாடே உட்கார்ந்து எந்தப் பட்டை, எவ்வளவு என்று வாதாடியது. இங்கே எந்தப் பட்டை என்ற முதல் கேள்வியைக்கூட நாம் கேட்கவில்லை.

அடுத்து, சர்க்கரையைக் குறைக்குமா? இந்த நாற்பது நாள் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2003ல் பாகிஸ்தானில் 60 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1, 3, 6 கிராம் என்று தினமும் 40 நாள் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்ததாக எழுதினார்கள். உலகம் முழுக்கப் பரவிய செய்திக்குப் பெரிய வேர் இதுதான். கவனியுங்கள், அதில் கொடுத்தது காசியா. அதன் பிறகு வேறு வேறு இடங்களில் பலர் ஆய்வு செய்தார்கள். 2012ல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து நிறுத்துப் பார்க்கும் அமைப்பு, 577 பேர் கலந்துகொண்ட 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று முடித்தது. முதல் செய்தி மூன்று குழுக்களிலும் வந்தது. இரண்டாவது செய்தி ஒன்றில்கூட வரவில்லை.

இதில் இருக்கும் கொடுமையைப் பாருங்கள். இலங்கைப் பட்டையில் கூமரின் இல்லை, ஆகவே பாதுகாப்பானது என்று ஒருவர் எழுதுகிறார். காசியாவை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டிச் சர்க்கரை குறையும் என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டையும் ஒட்டி மூன்றாமவர் ஒரு செய்தி செய்கிறார். படிப்பவர் கடைக்குப் போய் "பட்டைத்தூள்" என்று கேட்கிறார். ஒரு மரத்தின் நல்ல பெயர், இன்னொரு மரத்தின் ஆய்வு, மூன்றாவதாகக் கையில் வருவது எது என்று யாருக்கும் தெரியாத தூள். இதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். மாமா, தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

என்னிடம் வரக்கூடிய வாதங்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அசல் பட்டை விலை அதிகம், ஏழை வாங்க முடியுமா?" பல மடங்கு விலைதான். நான் எல்லோரும் கருவா வாங்குங்கள் என்று சொல்லவே இல்லை. காசியா கெட்ட பொருள் கிடையாது. பிரியாணிக்கு அதன் காரமும் வாசனையும்தான் பொருத்தம் என்று சொல்லும் சமையல்காரர்களை எனக்குத் தெரியும். காசியாவைக் காசியா என்று சொல்லி, காசியா விலைக்கு விற்கட்டும். ஏழைக்கு மலிவான பொருள் வேண்டும் என்பது நியாயம். மலிவான பொருளுக்குப் பொய்ப்பெயர் வேண்டும் என்பது எந்த ஏழையின் கோரிக்கையும் கிடையாது. பொய்ப்பெயரால் லாபம் ஏழைக்கு வரவில்லை, பாக்கெட்காரருக்குப் போகிறது.

"பெயரே குழப்பமானதுதானே, தால்சீனி என்றாலே சீனத்துப் பட்டை என்றுதானே அர்த்தம்?" நல்ல கேள்வி. பாரசீகத்தில் தார்சீனி என்றால் சீனத்து மரம் என்றுதான் பொருள். குழப்பம் பழையது, ஒப்புக்கொள்கிறேன். குழப்பம் பழையது என்பதால்தான் சட்டம் போட்டு, எது எது என்று எழுதிவைத்தார்கள். எழுதிய பிறகும் குழம்பினால் அது குழப்பம் ஆகாது, வசதி.

"இலங்கைப் பொருளுக்கு நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?" இதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 1505ல் போர்ச்சுக்கீசியர் இலங்கைக் கரையில் ஒதுங்கியபின் அவர்களை அங்கேயே கட்டிப்போட்டது இந்தப் பட்டைதான். பிறகு டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்தினார்கள், 1658ல் முழுதாக. காட்டுக்குள் போய்ப் பட்டை உரித்து வந்து கட்ட வேண்டும் என்று சலாகம என்ற சாதி மக்கள் மேல் கட்டாய வேலை சுமத்தப்பட்டது. அனுமதியில்லாமல் பட்டை விற்றால், மரத்தைச் சேதப்படுத்தினால் மரண தண்டனை வரை போனது. 1796ல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூன்று வல்லரசுகள் முந்நூறு வருடம் ஒரு மரத்துக்காக அடித்துக்கொண்டன, உரித்தவன் முதுகு மட்டும் எப்போதும் ஒரே மாதிரி வளைந்திருந்தது. 2022ல் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் சின்னமன்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. இலங்கைக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு அது. உரிக்கிற கைக்குச் சொந்தமாக மிஞ்சிய ஒரே சொத்து அந்தப் பெயர்தான். அதையும் பாக்கெட்டில் அச்சடித்து எடுத்துக்கொண்டால் அவனுக்கு என்ன மிச்சம்?

நம் ஊர்த் தலபுராணம் ஞாபகம் இருக்கிறதா? திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலைகளைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொன்னானது என்பார்கள். சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கதை. உழைக்காதவன் கையில் இலை இலையாகவே இருந்ததாம். பெயரைத் திருடி விற்கும் வியாபாரத்தில் கதை தலைகீழாக இருக்கிறது. உரித்தவன் கையில் இலை, ஒட்டியவன் கையில் பொன்.

இது இலங்கையோடு நிற்கும் விஷயமும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கருவா வளரும், அதன் காட்டு உறவினங்கள் அங்கே பல இருக்கின்றன. கண்ணூர் பக்கத்தில் அஞ்சரக்கண்டியில் கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டிலேயே பெரிய கருவாத் தோட்டம் போட்டது. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு, பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையங்கள் கருவாவில் தனி ரகங்களே வெளியிட்டிருக்கின்றன. கோழிக்கோட்டில் உள்ள நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நவஸ்ரீ, நித்யஸ்ரீ என்று இரண்டு ரகம் கொடுத்திருக்கிறது. மண் இருக்கிறது, மழை இருக்கிறது, கன்று இருக்கிறது. ஆனால் ஒரு மலை விவசாயி மூன்று வருடம் காத்திருந்து, ஆள் வைத்து உரித்து, உண்மையான கருவாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தால், அங்கே அதே பெயரில் கால்வாசி விலைக்குக் காசியா உட்கார்ந்திருக்கிறது. அவர் எப்படிப் பிழைப்பார்? பெயருக்கு மதிப்பில்லாத சந்தையில் முதலில் தோற்பவன் நேர்மையானவன்.

பெயரின் மதிப்பு நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? நம் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு வரும் விவசாயி "முந்திரிக் கன்று கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. வி.ஆர்.ஐ. 3 இருக்கிறதா என்று எண்ணோடு கேட்கிறார். நிலக்கடலை விதையையும் அப்படித்தான் வாங்குகிறார். பள்ளிக்கூடம் தாண்டாத விவசாயி ரகத்தின் பெயரைக் கேட்கிறார். பட்டம் வாங்கிய நாம் "ஐம்பது ரூபாய்க்குப் பட்டை கொடுங்க" என்கிறோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

ஒன்று, இன்று சமையலறைக்குப் போய் அந்த டப்பாவைத் திறந்து, மேலே சொன்னபடி ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல தாவரவியல் பாடம் கிடைக்காது.

இரண்டு, அடுத்த முறை கடையில் "கருவாப்பட்டையா, காசியாவா?" என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்தக் கடையில் கேட்பார். அங்கே நூறு பேர் கேட்டால் பாக்கெட்காரருக்குக் காது கேட்கும்.

மூன்று, சின்னமன் என்று அச்சடித்த பாக்கெட்டுக்குள் தடித்த ஒற்றைச் சுருள் பட்டை இருந்தால், பாக்கெட்டையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அரசு வேலையில் இருக்கும் என் மாணவர்கள் கடிதம் எழுத உதவுங்கள். தமிழில் பிழையில்லாமல் எழுதவும் இது நல்ல பயிற்சி.

நான்கு, தினமும் தூள் குடிப்பவர்கள் இன்றோடு நிறுத்துங்கள். கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் இதுவரை குடித்ததை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையும் நடையும் அளவான சாப்பாடும்தான்.

ஐந்து, ஒரு செய்தியைப் பகிர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பட்டை? பதில் அந்தச் செய்தியிலேயே இல்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் தாவரப் பெயர்களை எழுதிப் போட்டேன். "எதுக்கு சார் இந்த வாயில் நுழையாத பேரெல்லாம், மரம்னு சொன்னா போதாதா?" என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல் ஒவ்வொரு வருடமும் வரும். போதாது தம்பி. மரம் என்று மட்டும் சொன்னால் எந்த மரத்தை வேண்டுமானாலும் உன் தலையில் கட்டிவிடுவார்கள்.

இனி கமெண்டில் வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டு டப்பாவில் இருந்த பட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள். எது எது என்று உட்கார்ந்து பிரித்துச் சொல்கிறேன்.